நிமிடத்துக்கு அறுபத்தொன்பது

“வேகம் என்னன்னு கேட்டிருக்காங்க. நான் உக்காந்த இடத்துலயேதானே ஊதுறேன்? இதுல எங்க வேகம்?” என்றார் சித்தப்பா.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எங்கள் அலுவலகத்தின் படிவம் விரிந்து கிடந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் பித்தளைக் குழாய்த் திருகு ஒன்றை வைத்திருந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. படிவத்தை எட்ட வைத்தும் கிட்ட வைத்தும் படித்துக்கொண்டிருந்தார்.

“நிமிஷத்துக்கு எத்தனை அடின்னு அர்த்தம் சித்தப்பா.”

“அடியா? யாரு யாரை அடிக்கிறது?”

“நான் உங்களை,” என்று சமையலறையிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

நான் மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். “இப்படித் தட்டுனா ஒரு நிமிஷத்துல எத்தனை வருதோ, அது. அதை மெஷினே கண்டுபிடிச்சுடும்.”

“மெஷினுக்கே தெரியும்னா என்னை ஏன் கேக்குது?” என்றவர் அடுத்த கட்டத்துக்குப் போனார். “சுருதி. இது எனக்குத் தெரியும். குழாயோட நீளம். நாலடிக்கு ரெண்டு விரக்கடை கம்மி. அறுத்த அன்னிக்கே முடிஞ்சுபோன விஷயம், இனிமே நானே நெனச்சாலும் மாத்த முடியாது.”

“அதையும் மெஷின் பாத்துக்கும்.”

“மூணாவது, மனநிலை.” அதைச் சற்று நேரம் பார்த்தார். “யாரோட மனநிலை? ஊதுறவனோடதா, கேக்குறவனோடதா?”

மூன்று வருடமாக அந்தக் கட்டத்தை ஒரு நாளைக்கு அறுபது முறை நிரப்பிக்கொண்டிருந்தவள் நான். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. “அதைக் காலியா விடுங்க. நாங்க எழுதிப்போம்,” என்றேன்.

“நாங்கன்னா யாரு?”

“நான்தான்.”

“அப்ப கவலையே இல்ல. முழுசாக் கேட்டீன்னா உனக்கே தெரிஞ்சுடும்.”

கடைசியாக, வாத்தியத்தின் பெயர். ‘பிளாஸ்டிக் குழாய்’ என்று எழுதினார். டிஜெரிடூ என்று எழுதினால்தான் தேடுகிறவர்கள் கண்ணில் படும் என்றேன். கூடாது என்று தலையை ஆட்டினார். “அது ஆஸ்திரேலியாவுல பூர்வகுடி ஜனங்களோடது. கறையான் உள்ள தின்னு குடைஞ்ச மரத்துல பண்றாங்க. அவங்க பொருளோட பேரைக் கொண்டாந்து என் கழிவுக் குழாய்க்கு வைக்கலாமா?” கடைசியில் நான் கெஞ்சியதற்காக, ‘டிஜெரிடூ மாதிரி ஊதியது’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று கட்டங்களும் காலியாகவே என் பைக்குள் வந்தன.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. குழாய் வேலை செய்கிறவர். நகரத்தின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று யாருக்கும் தெரியாதபோது அவரைக் கூப்பிடுவார்கள். சுவரை உடைக்கமாட்டார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அரை அடி நகர்வார், மறுபடி கேட்பார். “இங்க பேசுது,” என்று பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். உடைத்தால் அந்த வட்டத்துக்குள் ஈரம் இருக்கும். பெரிய உடம்பு. கைகழுவும் தொட்டிக்கு அடியில் அவர் நுழைவதைப் பார்க்கிறவர்களுக்கு, எப்படி வெளியே வரப்போகிறார் என்ற கவலை வந்துவிடும். “உள்ள போனது போனதுதான், சாப்பாட்டைத் தள்ளிவிடுங்க,” என்று உள்ளிருந்தே சொல்வார்.

அந்த உடம்பால்தான் குறட்டை. குறட்டைகூடப் பரவாயில்லை, அது நின்றுபோவதுதான் பயம். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்றுவிடும். சித்தி பக்கத்தில் படுத்துக்கொண்டு எண்ணுவாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபதில் விலாவில் ஒரு குத்து. மூச்சு திரும்பும். பதினோரு வருடம் இப்படி எண்ணியிருக்கிறாள். “ராத்திரிக்கு நாப்பது தடவை செத்துச் செத்துப் பொழைக்கிறாரு. நான்தான் எமனுக்கு வாட்ச்மேன்,” என்று சிரிப்பாள். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வாங்கி மடிக்க வேண்டும். நின்றபடியே தூங்கிவிழுவாள்.

மருத்துவர் முகமூடி வைத்த ஓர் இயந்திரம் கொடுத்தார். சித்தப்பா ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் அந்த மருத்துவர், இப்படி ஒரு வாத்தியம் இருக்கிறது, அதை ஊதிப் பழகிய சிலருக்குத் தொண்டைத் தசை இறுகி மூச்சு சீரானதாகப் படித்தேன், முயன்று பாருங்கள் என்றாராம். குழாய்க்காரருக்குக் குழாய்க்கா பஞ்சம்? மிச்சமிருந்த ஒரு துண்டை அறுத்து, வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகைச் சூடாக்கி ஒட்டினார்.

ஊதுவது கடினமில்லை. விடாமல் ஊதுவதுதான் வித்தை. கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் உள்ளே இழுக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சு குழலை விட்டு, குமிழி ஒரு கணமும் நிற்காமல் வரும்படி நான்கு மாதம் பழகினார். சித்தி அவரைத் தவளை என்று கூப்பிட்டாள். எதிர்வீட்டுக் குழந்தைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். ஒருநாள் குமிழி நிற்கவில்லை.

இன்றும் வேலையிலிருந்து வந்து, குளித்துவிட்டு, மாலை ஆறரைக்கு ஊத உட்காருவார். நடுவில் ஏழு மாதம் மட்டும் நிறுத்தியிருந்தார். அதற்குக் காரணம் நான்.

அவர் ஊதத் தொடங்கிய புதிதில் சித்தி காதைப் பொத்திக்கொள்வாள் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். முதல்முறை அவர் பத்து நிமிடம் அறுபடாமல் ஊதியபோது, வேலைக்குப் போய்வந்த ஒரு செருப்பைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமலேயே அவள் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாள். எழுந்ததும் வெட்கப்பட்டாள். பிறகு எனக்கு விளக்கினாள்: “அந்தச் சத்தம் இருக்குற வரைக்கும் மனுசன் மூச்சு விடுறாருன்னு அர்த்தம். நான் எண்ண வேண்டாம்.”

அதை நான் கேட்டேன், தலையாட்டினேன். பிறகுதான் அந்தப் படிவத்தை நிரப்பினேன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

எங்கள் அலுவலகம் விளம்பரங்களுக்கும் காணொளிகளுக்கும் பின்னணி இசை விற்கிறது. வாங்குகிறவர்கள் பாட்டைக் கேட்டுத் தேடுவதில்லை. வேகம், சுருதி, மனநிலை என்று மூன்றைக் கொடுத்துத் தேடுவார்கள். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் அந்த மூன்றையும் எழுதுவதற்கு ஆள் வேண்டும். நாளுக்கு அறுபது பதிவு என்பதால் யாரும் முழுக்கக் கேட்பதில்லை. தொடக்கத்தில் பத்து நொடி, நடுவில் பத்து, முடிவில் பத்து. இதற்கு ‘மூன்று குத்து’ என்று பெயர். இயந்திரம் வேகத்தையும் சுருதியையும் கணித்துக் கொடுக்கும். சரியா என்று பார்த்துவிட்டு, மனநிலைப் பட்டியலிலிருந்து ஒரு சொல்லைச் சொடுக்க வேண்டும்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொன்று என்று வளர்ந்தவள் நான். அந்த அலுவலகத்தில் பள்ளிக்கூட மொழிதான் பேச்சு. அதில் நான் பிழையில்லாமல் பேசுவேன், ஆனால் குறைவாகத்தான் பேசுவேன். அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்துவிட்டால் தங்களில் ஒருத்தியாக எண்ணிக்கொள்வார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தின் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைச் சித்தப்பாவிடம் நான்தான் கொடுத்திருந்தேன். தன் கூடத்தில் வைத்து அவரே பதிவு செய்தார். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. அதைத் திறந்த அன்று என் ஹெட்போன் பழுது. ஒலிபெருக்கியில் போட்டேன். பத்து நொடிகூட ஆகவில்லை, பக்கத்து மேசையிலிருந்த எடிட்டர் நாற்காலியோடு திரும்பினான்.

“என்னது இது? எருமைக்குப் பல்வலியா?”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் எட்டித் திரையைப் பார்த்தான். “அனுப்பினவர் இடத்துல உன் பேர் இருக்கு. யாரு இவரு? தெரிஞ்சவரா?”

“எங்க வீட்டுக்குப் பைப் ரிப்பேர் பண்ண வருவாரு. ரொம்பக் கேட்டாரு, அதான்.”

பொய் இல்லை. எங்கள் வீட்டுக் குழாய்களை அவர்தான் சரிசெய்வார். ஒவ்வொரு முறையும் என் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, என் அப்பாவின் கட்டிலில் அரைமணி படுத்துவிட்டுத்தான் போவார்.

இயந்திரம் நூற்று முப்பத்தெட்டு என்று காட்டியது. இப்படி ஒரே சுரம் நீளமாகப் போகும் பதிவுகளில் இயந்திரம் ஏமாந்துபோகும். ஊதுகிறவரின் நாக்கு இடையில் அசையும் ஒவ்வொரு சின்ன அசைவையும் ஓர் அடியாக எண்ணி, வேகத்தை இரட்டிப்பாக்கிவிடும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. அதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். விரலால் மேசையில் ஐந்து முறை தட்டிப் பார்த்திருந்தால் போதும், அறுபத்தொன்பது என்று தெரிந்திருக்கும். தட்ட வேண்டுமென்றால் கேட்க வேண்டும். அவர்கள் முன்னால் அதைக் கவனமாகக் கேட்பது எனக்கு முடியாத காரியமாக இருந்தது. சரி என்று சொடுக்கினேன்.

வேகம் நூற்றிருபதைத் தாண்டினால் மனநிலைப் பட்டியல் சுருங்கிவிடும். அமைதி, நிம்மதி, ஏக்கம் எல்லாம் மறைந்து உற்சாகம், பரபரப்பு, மோதல், நகைச்சுவை என்ற நான்குதான் நிற்கும். எடிட்டர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். நகைச்சுவையைச் சொடுக்கினேன். அவன் கைதட்டினான். அடுத்த பதிவுக்குப் போனேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அது விற்றது. கார் காப்பீட்டு விளம்பரம் ஒன்று. தடிமனான ஒரு மனிதர் மிகச் சிறிய காருக்குள் நுழையப் பார்ப்பார். முதலில் தலை, பிறகு பின்பக்கம், பிறகு ஒரு கால். ஒவ்வொரு முயற்சிக்கும் சித்தப்பாவின் மூச்சு. கடைசியில் கதவு கழன்று கையோடு வந்துவிடும். இருபது நொடிதான். ஊரெல்லாம் பார்த்தது.

சித்தி அதை வேலையிடத்தில் பார்த்தாள். மதிய இடைவேளையில் கூட வேலை செய்கிறவள் கைபேசியை நீட்டி, “இந்தக் குண்டனைப் பாரேன்,” என்றிருக்கிறாள். ஆறேழு பேர் குனிந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். முதல் நொடியிலேயே சித்திக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தத்தை அவளைவிட அதிகம் கேட்டவர் யார்? இது என் வீட்டுக்காரர் ஊதியது என்று அவளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, “இனிமே அதை எடுக்காதீங்க. எடுத்தா நான் வீட்டுல இருக்க மாட்டேன்,” என்றாள். சித்தப்பா ஏன் என்று கேட்டார். காட்டினாள். அவர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, “ஆளு நல்லாத்தான் நடிச்சிருக்கான்,” என்றாராம். மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழாயை வேலைக் குழாய்களோடு சேர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

இதெல்லாம் எனக்கு அம்மா வழியாகத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ஊதிய காலத்தில் சீராகியிருந்த மூச்சு மறுபடி நிற்கத் தொடங்கியது. சித்தி மறுபடி எண்ணத் தொடங்கினாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போவதைக் குறைத்தேன். வேலை அதிகம் என்றேன். சித்தப்பா தொலைபேசியில் பேசும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. ஆறாவது மாதம் முடிகிற சமயம் அம்மா சொன்னாள்: “உன் சித்தி நின்னுக்கிட்டே தூங்கி, கையை உருளைக்கிட்ட கொண்டுபோயிட்டாளாம். மணிக்கட்டு வெந்துபோச்சு. பக்கத்துல இருந்தவ இழுக்கலேன்னா கையே போயிருக்கும்.”

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்தப் பதிவைத் திறந்தேன். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடியையும் கேட்டேன். விரல் தானாகத் தட்டியது. அறுபத்தொன்பது. சுருதி மேற்கத்திய ‘டி’ சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழே, இரண்டு விரற்கடை குறைந்த நாலடிக் குழாய்க்கு எவ்வளவோ அவ்வளவு. மூன்றாவது நிமிடம் தொடங்கும்போது வேறொரு சத்தம் வந்தது. முதலில் இரைச்சல் என்று நினைத்தேன். ஒலியைக் கூட்டினேன். சித்தி. கூடத்தில் எங்கோ கருவிக்கு அருகில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். மெல்லிய, ஈரமான, குழந்தைத்தனமான ஒரு குறட்டை. அது வந்த பிறகு சித்தப்பா இன்னும் தணித்து ஊதுகிறார், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. எங்கள் மூன்று குத்தில் ஒன்றுகூட அந்த இடத்தில் விழாது.

வேகத்தைத் திருத்தினேன். பட்டியல் விரிந்தது. ‘நிம்மதி’ என்று மாற்றினேன். மேலாளரிடம் போய், நான் தவறாகப் பதிந்தேன், ஊதியவர் என் சித்தப்பா, விளம்பரத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். விற்றது விற்றதுதான், ஒப்பந்தம் ஒரு வருடம் என்றார். பிறகு, “உன் சித்தப்பாவா?” என்று என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையைத் தவிர்க்கத்தான் இத்தனையும் செய்திருந்தேன். அது இரண்டு நொடிகூட நீடிக்கவில்லை.

அன்று மாலை சித்தப்பா வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தைத் தேடிப் போனேன். தரைக்கு அடியில் மோட்டார் அறை. முழங்கால் உயர முக்காலியில் உட்கார்ந்து ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்னடா இங்க? ஈரம், பாத்து வா.”

“அதை எழுதினது நான்தான் சித்தப்பா.”

“எதை?”

“மனநிலை. காமெடின்னு போட்டது.”

“தெரியுமே. நீதான் எழுதுவேன்னு அன்னிக்கே சொன்னியே.” வால்வை ஒரு சுற்றுச் சுற்றினார். “எம்புட்டு நேரம் கேட்ட?”

“பத்து செகண்டு.”

“மூணு தடவையா? ஏதோ மூணு குத்துன்னு சொல்லுவியே.”

“இல்ல. ஒரு தடவைதான்.”

அவர் கை நின்றது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. நான் நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன், எடிட்டர் சொன்னது, நான் சிரித்தது, பைப் ரிப்பேர் பண்ண வருகிறவர் என்று சொன்னது.

“அதுல என்ன பொய்? அதைத்தானே பண்றேன்,” என்றார். ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னார். தரையிலிருந்த ஸ்பானரை எடுத்தார், அளவு பொருந்தவில்லை, கீழே வைத்தார். மோட்டார் ஒருமுறை ஓடி நின்றது. கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு முழுசாக் கேட்டேன். நிம்மதின்னு மாத்தி எழுதிட்டேன். சித்தி தூங்குறது அதுல இருக்கு.”

“இருக்கும். அன்னிக்கு அவளுக்கு ரெண்டு ஷிஃப்டு.” துணியைக் கீழே வைத்தார். “நீ மாத்தி எழுதினது சரி. அதால எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. இங்க பாரு, நான் நிறுத்துனது விளம்பரத்தால இல்ல. நாலு பேரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். உன் சித்தி வேண்டாங்குறா, அதான். ஆபீஸுல ஏதோ தப்பா எழுதிட்டாங்கடின்னு சொல்லிப் பாத்துட்டேன், நம்ப மாட்டேங்குறா. ஊரே கேட்டுச் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டு நான் ஒருத்திதான் பைத்தியம் மாதிரி தூங்கியிருக்கேன், என்னாலதான் உங்களுக்கு இந்த அசிங்கம்னு அழுவுறா. கை வெந்தப்பக்கூட அழாதவ.”

முக்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

“நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பா. நீ சொன்னா நம்புவா. நீ படிச்சவ, இதையே தொழிலாப் பண்றவ. வந்து அவகிட்ட சொல்லு, முழுசாக் கேக்காம எழுதினேன்னு. ஏன் கேக்கலேன்னும் சொல்லு. திட்டுவா, நல்லாத் திட்டுவா. அவ திட்டி முடிக்கிற வரைக்கும் எழுந்து போயிடாதம்மா.”